விளையாட்டில் பிறக்கும் கதை

கதை சொல்லும் ஆற்றல் எல்லாக் குழந்தைகளிடத்தும் உண்டு. ஆயினும் "எழுந்து ஒரு கதை சொல்" என்றவுடன் பலர் நா எழாமல் நின்றுவிடுகின்றனர். இதற்குக் காரணம் கதை தெரியாமை அன்று. பிழை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சமே ஆகும். வீட்டில் ஒரு மொழியும் தெருவில் வேறொரு மொழியும் பேசி வளரும் குழந்தைகளிடம் இவ்வச்சம் இன்னும் மிகுதி. இதனைப் போக்க விளையாட்டையே கருவியாகக் கொண்டவர் வயோலா ஸ்போலின்.

சிகாகோவில் தோன்றிய விளையாட்டுகள்

ஸ்போலின் 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் உருசியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். நீவா பாய்ட் என்னும் ஆசிரியரிடம் குழு விளையாட்டுகளின் பயனை அவர் கற்றார். 1930களின் பிற்பகுதியில், அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றின்கீழ், குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சி அளிக்கும் பணியை ஏற்றார். அக்குழந்தைகளுள் பலர் வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு நீண்ட விளக்கங்கள் எட்டவில்லை. ஆகவே ஸ்போலின் நடிப்புத் திறன்களை விளையாட்டுகளாக மாற்றினார். அவற்றை 1963ஆம் ஆண்டு நூலாகவும் வெளியிட்டார்.

அவருடைய மகன் பால் சில்ஸ் 1959ஆம் ஆண்டு நண்பர்களுடன் தொடங்கிய 'செகண்ட் சிட்டி' என்னும் நகைச்சுவை அரங்குக்கு இவ்விளையாட்டுகளே அடித்தளமாயின. இவ்வகை நாடகத்தில் எழுதி வைத்த உரையாடல் இல்லை. அடுத்து என்ன நிகழும் என்பது நடிப்பவருக்கே தெரியாது. அதுவே சிரிப்பை விளைவிக்கிறது. தமிழகத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூடியிருப்போரைப் பார்த்து அவ்வப்போது நகைச்சுவையாகப் பேசுவதும் இதனை ஒத்த கலையே.

'ஆம்' என்னும் திறவுகோல்

இவ்விளையாட்டுகளின் முதல் விதி, மற்றவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு ஒன்றைச் சேர்ப்பது. "அதோ, தொடர்வண்டியில் ஒரு யானை ஏறுகிறது" என்கிறார் ஒருவர். "யானை எப்படி ஏறும்?" என்று மறுத்தால் கதை அங்கேயே நின்றுவிடும். "ஆம், அதன் தும்பிக்கையில் பயணச்சீட்டும் இருக்கிறது" என்றால் கதை நகரும். "ஆம், அதற்கு மேல் படுக்கை கிடைத்திருக்கிறது" என்று மூன்றாமவர் சேர்ப்பார். "ஆம், கீழ்ப் படுக்கையில் தாத்தா உறங்குகிறார்" என்பார் நான்காமவர். இப்போது யார், எங்கே, என்ன என்னும் மூன்றும் அமைந்துவிட்டன. கதைக்குத் தேவையான சிக்கலும் தோன்றிவிட்டது.

ஒரு சொல் கதை

இவ்விளையாட்டில் மாணவர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் ஒரு சொல்லாகக் கதையை வளர்ப்பர். "நேற்று – குரங்கு – தாத்தாவின் – மூக்குக்கண்ணாடியை" என்பதுவரை நால்வர் சொல்லிவிட்டனர். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வரும். எனவே 'உடைத்தது', 'ஒளித்தது', 'அணிந்தது' ஆகியவற்றுள் எதையேனும் சொல்லிக் கதையின் போக்கை முடிவு செய்பவர் ஐந்தாமவரே. அவர் முதலிலிருந்தே கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். குரங்கு எனில் 'அணிந்தது', குரங்குகள் எனில் 'அணிந்தன', தங்கை எனில் 'அணிந்தாள்' என வினை மாறும் அன்றோ?

அவர் தவறுதலாக 'அணிந்தான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? விளையாட்டு நிற்பதில்லை. "ஏனெனில் – அது – சாபம் – பெற்ற – இளவரசன்" என மற்றவர்கள் தொடரலாம். பிழையிலிருந்தே கதைக்குத் திருப்பம் கிடைத்துவிட்டது! சரியான சொல்லை விளையாட்டு முடிந்தபின் அறிந்துகொள்ளலாம்.

பொருளில்லா மொழி

ஒருவர் பொருளற்ற ஒலிகளை உணர்ச்சியோடும் சைகையோடும் பேசுவார். மற்றொருவர் அதனைத் தமிழில் 'மொழிபெயர்ப்பார்'. சொல்வளம் குறைந்தவரும் முதற்பங்கை ஏற்கலாம். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இடையே நின்று மொழிபெயர்த்துப் பழகிய குழந்தைக்கு இரண்டாம் பங்கு எளிது. இருமொழி அறிவு இங்கே குறையன்று, பயிற்சி.

விளையாடி முடித்ததும் பிறந்த கதையை எழுத வேண்டும். வாயால் ஒருமுறை சொல்லப்பட்ட கதை தாளில் தயங்காது இறங்கும்.

சொற்பொருள்

திறவுகோல் – சாவி
வினைமுற்று – வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல்
கட்டியங்காரன் – கூத்தில் கதையை அறிவித்து நகைச்சுவையும் செய்பவன்

செய்து பார்க்க

1. "மழையில் நனைந்த ஒட்டகம்" எனத் தொடங்கி, ஐவர் சேர்ந்து 'ஆம்' விதிப்படி கதையை வளர்க்க.
2. கோடிட்ட இடத்தை நிரப்பிக் கதையைத் தொடர்க: பூனைகள் பாட்டியின் தோசையை ________.