பாணும் போறணையும்

எருக்கலம்பிட்டியில் 'பாண்' எனப்படுவதைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டார் 'ரொட்டி' என்றும் 'பிரெட்' என்றும் வழங்குவர். ஒரே மொழியைப் பேசும் இரு கரையினரிடையே இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது? இதற்கு விடை மன்னார்த் தீவின் வரலாற்றில் இருக்கின்றது.

போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழக்கும்வரை ஏறத்தாழ நூறாண்டுகள் ஈண்டு ஆட்சி செலுத்தினர். அவர்தம் மொழியில் இவ்வுணவின் பெயர் மூக்கொலியோடு முடிவது. அம்மூக்கொலி தமிழர் நாவில் ணகர மெய்யாகிப் 'பாண்' என நிலைத்தது. சிங்களவரும் யப்பானியரும் இவ்வுணவுக்கு இதனையொத்த பெயரையே வழங்குகின்றனர். அவையும் போர்த்துக்கேயர் வழி வந்தவையே. இவையனைத்துக்கும் தாய் 'பானிஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும்.

பாண் சுடும் 'போறணை'யும் அவர் தந்ததே. அவர்தம் 'ஃபோர்னு' என்னும் சொல்லின் முதலொலி தமிழில் பகரமாயிற்று. நம்மிடம் 'அடுப்பு' இருக்கப் பிறசொல் எதற்கு என வினவலாம். அடுப்பு கீழிருந்து கலத்தைச் சூடேற்றுவது. போறணையோ செங்கல்லாற் கட்டிய கூடு. அதனுள் விறகை எரித்துத் தணலை ஒதுக்கியபின், சுவர்களில் தேங்கிய வெப்பமே மாவை நாற்புறமும் சூழ்ந்து வேகவைக்கின்றது. பொருள் புதிது, ஆதலின் பெயரும் அதனோடு சேர்ந்தே வந்தது.

ஒலி ஒப்புமை கொண்டு உறவு கூறுதல் தவறாகலாம். 'பணிஸ்' என்பது இலத்தீன் 'பானிஸ்' போல ஒலிப்பினும் அதன் வழிவந்ததன்று. ஆங்கிலத்தில் 'பன்' ஒருமை, 'பன்ஸ்' பன்மை. அப்பன்மையே நம்மிடம் ஒருமையாகி, 'ஒரு பணிஸ்' என வழங்குகின்றது. அவ்வாறே, பிட்டு என்னும் உணவையும், மேட்டுநிலத்தைக் குறித்து எருக்கலம்பிட்டி என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'பிட்டி'யையும் ஒலி கொண்டே உறவாக்குதல் பொருந்தாது. 'பிஸ்கோத்து' என்பதன் இலத்தீன் வேர்ப்பொருள் 'இருமுறை சுடப்பட்டது' என்பதாகும்.

இனி, மாப்பண்டத் தொழிலுக்குத் தமிழில் பழஞ்சொற்கள் இல்லாமலில்லை. சிலப்பதிகாரம் கூறும் காழியர் பிட்டு வாணிகர் என்றும், கூவியர் அப்ப வாணிகர் என்றும் உரையாசிரியர் விளக்குவர். முஸ்லிம் மக்களின் விருந்துகளிற் சிறக்கும் வட்டிலப்பம், வட்டிலில் ஊற்றி அவிக்கப்படும் அப்பமாதலின் அப்பெயர் பெற்றது. பண்டம் எவ்வழி வந்ததாயினும், பெயர் தூய தமிழே.

பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்னும் ஆக்கச்சொல்லும் இன்று வழங்குகின்றது. வெதுவெதுப்பு, வெதும்புதல் என்பவற்றின் வேரினின்று எழுந்த நல்ல சொல் அது. 1990களில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெயர்ப்பலகைகளில் அது பரவிற்று. ஆயின் 1990 ஒற்றோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி மக்களும் ஊரை இழந்து, பெரும்பாலும் புத்தளம் பகுதியில் தங்க நேர்ந்தது. வீட்டையும் தோணியையும் விட்டுச் சென்றோர் பாண், போறணை என்னும் சொற்களை விட்டுச் செல்லவில்லை. போர் 2009இல் முடிந்தபின் மீண்டு வந்தோரை வெதுப்பகம் என்னும் பலகை எதிர்கொண்டிருப்பின், அவர்தம் சொல் பழுதாயிற்று என்று பொருளன்று.

புதுச்சொல் படைத்தல் மொழிக்கு வளம். வந்த சொல்லைப் பேணுதல் வரலாற்றுக்குச் சான்று. ஒருவர் தமிழர் நாவினரா என்பதை அவர் பாண் என்கிறாரா, வெதுப்பி என்கிறாரா என்பது கொண்டு அளத்தல் தகாது. நானூறு ஆண்டுகளாகத் தமிழர் உண்டும் ஊட்டியும் வழங்கிய சொல் தமிழ்ச்சொல்லேயாம்.