555 புத்தகமும் ஒன்பது வருடத் தவணையும்

சிரம்பானை ஒட்டிய லோபாக்கில், கல்யாண வீடோ கருமாதி வீடோ, வயதானவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும்: "தோட்டத்துல ஆள் கூலிய வெச்சுக்கிட்டு அஞ்சு பிள்ளைய வளர்த்தோம். இப்ப ரெண்டு பேரு சம்பாதிச்சும் பத்தலங்கிறீங்க."

பேச்சில் உண்மை உண்டு. கணக்கில்தான் பாதி விட்டுப்போகிறது.

லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. விறகு கித்தாக் காட்டிலேயே, அதாவது ரப்பர் தோட்டத்திலேயே, கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கீரை, கோழி. காசு கொடுத்து வாங்கியது அரிசி, பருப்பு, மீன், துணி. அதையும் கடைக்காரர் 555 என்ற சிறு கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கொடுத்தார். மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது, கூலியும் இல்லை. இலை உதிரும் மாதங்களில் பாலும் குறையும். பாக்கி ஏறினால் கடைக்காரர் முகம் கோணும், அரிசி குறையும். கடனுக்கு அதுதான் வரம்பு.

வீண் செலவு அப்போதும் இருந்தது. சம்பளத்தன்று கள்ளுக்கடை பல வீட்டு உலையைக் குளிர வைத்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் சொன்னார்கள். ஆகவே தாத்தாக்கள் எல்லாரும் சிக்கனக்காரர்கள் என்ற கதையை நான் நம்புவதில்லை. சிக்கனம் பாட்டிகளுடையது. அவர்கள் கூட்டுப் போட்டார்கள். பத்துப் பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி. மாதம் ஒருத்தி கையில் நூறு. அது சங்கிலியாகும், தையல் மிஷினாகும். 1971இல் கூட்டைச் சட்டம் தடைசெய்த பிறகும் அக்கம்பக்க நம்பிக்கையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதே சிறுவாட்டுப் புத்திதான் நிலமும் வாங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

பிறகு சிரம்பானைச் சுற்றிப் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தை விட்டு வந்தவர்களுக்கு வாடகை, தண்ணீர், மின்சாரம், கேஸ் எல்லாமே காசு. வேலைக்குப் போக வண்டி வேண்டும். இங்கேதான் வரவுசெலவு உடைகிறது.

50,000 வெள்ளிக் கடனில் ஒரு கார் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 3 விழுக்காட்டு நிலைவட்டி, ஒன்பது வருடம். வட்டி மட்டும் 13,500 வெள்ளி. தவணை மாதம் 588. 2025இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ஆனது. அதில் இபிஎஃப் என்ற சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி, முதலிலேயே போய்விடும். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்கு. அப்புறம் கைப்பேசித் தவணை, ‘பிறகு கட்டு’ என்று ஷாப்பி இணையக் கடையில் வாங்கிய சட்டை. இவற்றுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும். முகம் கோண அங்கே கடைக்காரர் இல்லை.

இந்தக் கணக்கு தெரியாமல், தே தாரிக்கைக் குறை, ரொட்டி சானாயை விடு என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது வீண். தினம் இரண்டு வெள்ளி மிச்சம் பிடித்தாலும் மாதம் அறுபதுதான். காரை ஒரு படி சிறியதாக எடுத்தால் மாதம் நூறு, இருநூறு நிற்கும். வீட்டில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

ஏற்கெனவே கடனில் மாட்டிக்கொண்டவர்கள் ஆலோங் எனும் வட்டி முதலைகளிடம் போகாதீர்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம், வங்கிக் கடன்களைத் திருத்தி மாதத் தவணையைக் குறைக்க வழி செய்கிறது. கட்டணம் இல்லை. சம்பளச் சிலிப்பையும் கடன் தாள்களையும் எடுத்துக்கொண்டு, புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போங்கள்.