4096-இல் ஒரு நிறம்

வீட்டில் போகிமான் விளையாடும் பிள்ளை இருந்தால் இது உங்களுக்குப் பழகிய காட்சிதான். புல்லுக்குள் போகிறாள், ஏதோ ஒரு பிராணி எதிர்ப்படுகிறது, அதைப் பிடிக்காமல் ஓடி வந்துவிடுகிறாள். மறுபடி புல்லுக்குள். மணிக்கணக்கில் இதே வேலை. "என்னதாம்மா தேடுற?" என்றால், தலையை நிமிர்த்தாமல் "ஷைனி" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள், பெருக்கல் வகுத்தல்தான்.

ஷைனி என்றால் அதே போகிமான், அதே பலம், அதே குரல். நிறம் மட்டும் வேறு. நீலமாக இருக்கும் கியாரடோஸ் சிவப்பாக வரும். ஆரஞ்சு நிறச் சாரிசார்ட் கறுப்பாக வரும். அம்ப்ரியனின் உடம்பில் மஞ்சளாக இருக்கும் வளையங்கள் நீலமாகிவிடும். சண்டை தொடங்கும்போது அதைச் சுற்றி மின்னல் தெறித்து 'கிளிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். வேட்டைக்காரர்கள் அந்தச் சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாமே இப்படிப் பளிச்சென்று மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். ஷைனி கெங்காரைச் சாதாரண கெங்காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்கூட நன்றாக உற்றுப் பார்க்க வேண்டும். பிகாச்சுவுக்கு மஞ்சள் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயும், அவ்வளவே. சண்டையில் இவற்றால் ஒரு புள்ளி லாபம் கிடையாது. இருந்தும் தேடுகிறார்கள். நானும் தேடுகிறவன்தான்.

இது தொடங்கியது 1999-இல். அந்த ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி ஜப்பானில் போகிமான் கோல்ட், சில்வர் இரண்டும் வெளிவந்தன. கேம் பாய் கலர் அப்போதுதான் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. திரைக்கு நிறம் கிடைத்துவிட்டதால் ஒவ்வொரு போகிமானுக்கும் இரண்டு வண்ணத் தொகுப்புகளை எழுதிவைத்தார்கள்: ஒன்று வழக்கமானது, மற்றது எப்போதாவது எட்டிப் பார்ப்பது. அதே கேமைப் பழைய கறுப்பு வெள்ளை கேம் பாயிலும் போட்டு ஆடலாம். அங்கே நிறம் தெரியாது. நட்சத்திரம் தெறிப்பது மட்டும் தெரியும். கதையின் நடுவே 'லேக் ஆஃப் ரேஜ்' என்ற ஏரியில் ஒரு சிவப்புக் கியாரடோஸ் எல்லோருக்கும் கட்டாயம் எதிர்ப்படும். வானொலி அலை வீசி அங்கிருக்கும் மேஜிகார்ப் மீன்களை வலுக்கட்டாயமாக உருமாறச் செய்கிறது ஒரு திருட்டுக் கும்பல். அதன் விளைவு அந்தச் சிவப்பு. 'இப்படி ஒன்று இந்த உலகத்தில் உண்டு' என்று அந்த ஏரிக்கரையில்தான் ஆடுபவருக்குக் காட்டிக்கொடுத்தார்கள். மற்றதை அவரவர் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

எது ஷைனி என்று அந்த கேம் எப்படி முடிவுசெய்தது என்பது எனக்கு இன்றும் மிகப் பிடித்த விஷயம். ஒவ்வொரு போகிமானுக்கும் பிறவியிலேயே தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்பு என நான்கு எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 15-க்குள் ஏதோ ஒன்று. தற்காப்பு, வேகம், சிறப்பு மூன்றும் சரியாக 10 ஆக இருக்க வேண்டும். தாக்குதல் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகிய எட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். இது பொருந்தினால் ஷைனி. மூன்று எண்களுக்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு, நான்காவதற்கு இரண்டில் ஒன்று. 16-ஐ மூன்று முறை பெருக்கி 2-ஆல் பெருக்கினால் 8192. 8192-இல் ஒன்று என்று பரம்பரையாகச் சொல்லிவந்த கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறந்தது. அந்த கேமில் ஆணா பெண்ணா என்பதையும் தாக்குதல் எண்ணே முடிவுசெய்யும். கதை தொடங்கும்போது கையில் தரப்படும் போகிமான்களில் பெண் அபூர்வம். தாக்குதல் 0 அல்லது 1 என்றால்தான் பெண். ஷைனிக்கோ குறைந்தது 2 வேண்டும். ஆக, அந்த இனங்களில் பெண் ஷைனி என்று ஒன்று வரவே வராது. எத்தனை வருடம் தேடினாலும் வராது.

அடுத்த தலைமுறை கேம்களில் இந்த முறையை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு போகிமானுக்கும் தனியாக ஒரு பெரிய எண் வந்தது. ஆடுபவருக்கும் இரண்டு எண்கள்: ஒன்று திரையில் தெரியும், மற்றது மறைந்திருக்கும். இவற்றைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டால் 65,536 விடைகளில் ஏதோ ஒன்று வரும். அதில் எட்டு விடைகள் ஷைனி; பழைய 8192-இல் ஒன்று அப்படியே காப்பாற்றப்பட்டது. ஆடுபவரின் எண்ணும் கணக்கில் சேர்வதால், எனக்கு ஷைனியாக வந்திருக்கும் ஒரு பிராணி, அதே எண்ணோடு உங்கள் கேமில் வந்தால் சாதாரணமாக இருக்கும். 2013-இல் எக்ஸ், ஒய் வந்தபோது எட்டைப் பதினாறாக்கினார்கள். அன்று முதல் 4096-இல் ஒன்று.

சரி, இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். 4096-இல் ஒன்று என்றால், 4096 முறை பார்த்தால் ஒன்று வந்தே தீரும் என்று நினைக்கிறோம். தாயக்கட்டையை உருட்டிக்கொண்டே இருக்கிறோம், தாயம் விழவில்லை. 'இத்தனை நேரம் விழலையே, அடுத்தது விழுந்திடும்' என்று மனசு சொல்லும். கட்டைக்கு அந்த நினைப்பு கிடையாது. கேமுக்கும் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாக அதே 4096-இல் ஒன்றுதான். கணக்குப் போட்டால், 2839 முறை தேடும்போது வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிறது. 4096 முறை தேடினால் நூற்றில் 63 பேருக்குக் கிடைத்திருக்கும், 37 பேர் வெறுங்கையோடு இருப்பார்கள். 8192 முறை, அதாவது இரட்டிப்பு உழைப்பு உழைத்த பிறகும் நூற்றில் 13 பேருக்கு வந்திருக்காது. அந்தப் பதின்மூன்று பேர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கேமில் கோளாறும் இல்லை. ஒரு முயற்சிக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாதி வாய்ப்பை எட்டவே கிட்டத்தட்ட 24 மணி நேரம் உட்கார வேண்டும். உங்கள் மகள் ஏன் இத்தனை நேரம் எடுக்கிறாள் என்பதற்கு விடை இதுதான்.

கேமுக்கு நினைவில்லை என்றேன். ஒரு கேமுக்கு மட்டும் வேறு மாதிரி நினைவு உண்டு என்று சொல்லத் தோன்றும். அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கேம் பாய் அட்வான்ஸில் வந்த எமரால்டு. மூன்றாம் தலைமுறை. எந்த கேமும் சீட்டைக் குலுக்க ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டு அதிலிருந்து அடுத்தடுத்த எண்களை உண்டாக்கும். எமரால்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறது. நொடிக்குச் சுமார் 60 எண்கள் என்று ஒரே வரிசையில் ஓடும். ஆடுபவர் என்ன செய்வார்? ஓர் அபூர்வப் போகிமானுக்கு முன்னால் சேவ் செய்வார், பட்டனை அழுத்திப் பார்ப்பார், ஷைனி இல்லையென்றால் அணைத்துத் திறப்பார். கை பழகப் பழக அதே தாளத்தில், அதே நொடியில் அழுத்துவார். விளைவு, வரிசையின் அதே சின்னத் துண்டையே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருப்பார். அந்தத் துண்டுக்குள் ஷைனி இல்லையென்றால் வருடக்கணக்கில் உட்கார்ந்தாலும் இல்லைதான். எமரால்டில் வேட்டையாடுபவருக்கு நான் சொல்வது ஒன்றே: ஒவ்வொரு முறையும் அழுத்தும் நேரத்தைத் தள்ளிக்கொண்டே போங்கள். இதே கோளாறைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தன் எண்ணுக்கு எந்த நொடியில் ஷைனி விழும் என்று கணக்கிட்டு அந்த நொடிக்காகக் காத்திருந்து அழுத்துபவர்களும் உண்டு. அவர்களுடைய பொறுமை இன்னொரு ரகம், அதையும் மதிக்கிறேன்.

வாய்ப்பைக் கூட்டும் வழிகளை கேம் தயாரித்தவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள். டயமண்ட், பேர்ல் கேம்களில் வந்தது 'மசூதா முறை'. கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் ஜூனிச்சி மசூதா வெளியே சொன்னதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. வேறு வேறு மொழிப் பதிப்பில் பிடிபட்ட இரண்டு போகிமான்களை ஜோடி சேர்த்து முட்டை பெற்றால் வாய்ப்பு ஏறும். இப்போதைய கணக்கில் 683-இல் ஒன்று. போகிடெக்ஸ் என்ற போகிமான் பட்டியலை முழுதாக முடித்தவருக்குக் கிடைக்கும் 'ஷைனி சார்ம்' கையில் இருந்தால் 512-இல் ஒன்று. ஒரே இனத்தைத் தொடர்ந்து சந்திக்கும் சங்கிலி முறைகளும் உண்டு. கேமுக்கு கேம் விதி மாறும் என்பதால் எல்லாவற்றையும் இங்கே அடுக்கவில்லை.

பிள்ளைகள் பலர் ஆடும் ஸ்கார்லெட், வயலெட்டை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். இவை 2022 நவம்பரில் வந்தவை. இதில் பிராணிகள் வெட்டவெளியிலேயே நடமாடும்; ஷைனியும் அப்படியே தன் மாற்று நிறத்தோடு மேய்ந்துகொண்டிருக்கும். சிக்கல், சத்தமும் மின்னலும் வெளியே கிடையாது. சண்டைக்குள் போனால்தான் உண்டு. ஆக, காதுக்கு வேலை போய் முழுப் பாரமும் கண்ணில் விழுகிறது. தூரத்தில் ஓர் இனம் கூட்டமாகத் திரண்டிருக்கும் இடம் வரைபடத்தில் தெரியும். அங்கே போய் அறுபதை வீழ்த்தினால் வாய்ப்பு மும்மடங்கு. ஹெர்பா மிஸ்டிகா என்ற அரிய மூலிகை இரண்டு போட்டு சாண்ட்விச் செய்து சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்கு மேலும் ஏறும். சார்மும் சேர்ந்தால் 512-இல் ஒன்று. நிறம் சரியாகத் தெரியாத இனத்துக்கு ஒரு வழி உண்டு: உங்கள் போகிமானை ஆர் பட்டன் அழுத்தி அதன்மேல் ஏவுங்கள். சாதாரணமானது என்றால் பாய்ந்து தாக்கும். ஷைனி என்றால் தாக்க மறுத்துத் தயங்கி நிற்கும். கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் வேட்டைக்காரரின் மனசு தெரிந்தவர்.

கண்டுபிடித்த பிறகும் கை நழுவும். ஆப்ரா டெலிபோர்ட் ஆகி மறைந்துவிடும். சில இனங்கள் தாங்களே வெடித்து மயங்கி விழுந்துவிடும். பதற்றத்தில் பலமான அடியைக் கொடுத்து நாமே வீழ்த்திவிடுவதும் உண்டு. 'ஃபால்ஸ் ஸ்வைப்' தெரிந்த ஒரு போகிமானை முன்வரிசையில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அந்த அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் எதிரிக்கு ஒரு புள்ளி உயிரை மிச்சம் வைக்கும். போகிமானைப் பிடிக்க வீசும் பந்துகளையும் கைநிறைய வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், பூட்டு. சில போகிமான்கள் ஷைனியாக வரக்கூடாது என்று தயாரிப்பாளர்களே அடைத்துவிடுவார்கள். 2010-இல் வந்த பிளாக், வொயிட்டில் ரெஷிராம், செக்ரோம், விக்டினி அப்படித்தான். ஸ்கார்லெட், வயலெட்டில் தொடக்கத்தில் கையில் தரப்படும் மூன்றும் பூட்டப்பட்டவை. அதே இனத்தை முட்டை வழியே தேடினால் ஷைனி கிடைக்கும். இது தெரியாமல் தொடக்கத்திலேயே அணைத்து அணைத்துத் திறக்கும் குழந்தையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்த உழைப்புக்குப் பலனே கிடையாது. யாராவது ஒருவர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். மகள் அடுத்த வேட்டையைத் தொடங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்குப் பூட்டு இருக்கிறதா, எந்த முறையில் தேடப்போகிறாய்? 'வரவே மாட்டேங்குது' என்று அழுதால் அந்த 37 பேர் கணக்கைச் சொல்லுங்கள். காசு கொடுத்து ஷைனி வாங்கித் தரச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். விற்பனைக்கு வருவதில் நிறைய, கோப்பில் எண்ணைத் திருத்தி உருவாக்கியவை. யாரும் புல்லுக்குள் போய்த் தேடிப் பிடித்தவை அல்ல.