பறவைகளுக்கும் முகவரி உண்டு

முத்தையாபுரத்தில் வாழும் நமக்கு உப்பளம் புதிதன்று. வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களை நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் அவற்றுக்கு அப்பால், தேங்கிய நீரில் ஒற்றைக் காலில் நிற்கும் விருந்தாளிகளை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

பூநாரை, நெடுங்கால் உள்ளான், ஆலா, கொசு உள்ளான் என அவ்விருந்தாளிகள் பலவகை. 'உப்புக்கொத்தி' என்றே ஒரு பறவைக்குப் பெயர்! கைக்குள் அடங்கிவிடும் கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய குளிர்நாட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வருகிறது. கடல்நீரை முதலில் தேக்கும் தெப்பங்களில் சிறுமீன், இறால், புழு ஆகியன கிடைக்கும். உப்பு மிகுந்த நீரிலும் சில சிற்றுயிர்கள் வாழும். அவையே பறவைகளுக்கு விருந்து.

பறவையைக் காக்க வேண்டுமானால் அது உண்ணும் இடத்தையும் தங்கும் இடத்தையும் காக்க வேண்டும். ஆனால் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் காக்க இயலுமா? எவ்விடம் மிக முக்கியம் என்று முதலில் அறிய வேண்டும் அன்றோ? இதற்காகவே 'பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல்' என்னும் உலக அமைப்பு முக்கியப் பறவை வாழிடங்களைப் பட்டியலிட்டு வருகிறது. ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க நான்கு அளவுகோல்கள் உள்ளன.

ஒன்று, கானமயில் போன்று உலகிலிருந்தே அழியும் நிலையிலுள்ள பறவை அங்கு வாழ வேண்டும். இரண்டு, மிகக் குறுகிய நிலப்பரப்பில் மட்டும் காணப்படும் பறவைகள் இருக்க வேண்டும். மூன்று, குறிப்பிட்ட ஒரு வகை இயற்கைச் சூழலுக்கே உரிய பறவைகள் இருக்க வேண்டும். நான்கு, பெருங்கூட்டமாகப் பறவைகள் கூட வேண்டும். ஓர் இனத்தில் 1,00,000 நீர்ப்பறவைகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 பறவைகள், தவறாது ஓரிடத்தில் கூடினால் அவ்விடம் தகுதி பெறும். இந்நான்கில் ஒன்று பொருந்தினாலும் போதும்.

நம் நாட்டில் 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியை ஏற்றது. 2004-இல் அது வெளியிட்ட நூலில் 466 இடங்கள் இருந்தன. 2016-இல் அவை 554 ஆயின. கோடிக்கரை, வேடந்தாங்கல், கூந்தன்குளம், நமது மன்னார் வளைகுடா ஆகியனவும் இவற்றுள் அடங்கும்.

எனினும் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் மட்டும் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. அரசு தனியே அறிவிக்க வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் அடங்கும். கரையிலுள்ள உப்பளங்களோ அதற்கு வெளியே உள்ளன. பறவைக்கு வரைபடத்தின் கோடு தெரியுமா? பசித்தால் கரைக்கு வந்துவிடுகிறது.

உப்பளம் பறவைகளுக்காக வெட்டப்பட்டதன்று. எங்களுள் சிலருடைய தாய்மார் வெயிலில் உப்புச் சுமக்கும் இடம் அது. தெப்பத்தை மண்ணிட்டு மேடாக்கி மனையாக்கினால், அவர்களுக்குக் கூலி போகும். பறவைக்கு இரை போகும். இருவருக்கும் இழப்பு ஒன்றே.

ஆதலால் எண்ணுவது முதற்கடமை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. நம் பகுதிக் குளங்களில் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடந்து வருகிறது. இவற்றில் பொதுமக்களும் பங்கு பெறலாம்.

நாங்களும் ஒரு காலையில் வரப்பில் நின்று எண்ணிப் பார்த்தோம். ஒருத்தி சொன்ன எண் மற்றவளுக்கு வரவில்லை! பிறகு, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அக்கூட்டம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொண்டு, அதேபோல் எத்தனை பத்துகள் உள்ளன என்று பார்க்கக் கற்றோம். அதன்பின் எங்கள் கணக்குகள் நெருங்கி வந்தன. இடம், நாள், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஏட்டில் குறித்தோம். ஓராண்டுக் கணக்கு பெரிதன்று. பல ஆண்டுக் கணக்கு சேர்ந்தால் அதுவே சான்று.

கூந்தன்குளத்து மக்கள் தங்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டும் பறவைகளைப் பிள்ளைகளைப் போல் காத்து வருகின்றனர். அவர்களுக்கு நாம் இளைத்தவர்களா? தோழியரே, அடுத்த முறை உப்பளத்தைக் கடக்கும்போது சற்றே நின்று பாருங்கள், எண்ணுங்கள், எழுதி வையுங்கள். நம் ஊருக்கு வரும் விருந்தாளிகளின் முகவரியை நாமே எழுதுவோமாக!