நனைந்த சட்டையும் விடியற்காலைக் காற்றும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் சாலையில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வெளிவரும் தொழிலாளர்கள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு பொன்னேரிக்கும், கவரைப்பேட்டைக்கும், ஆரம்பாக்கத்துக்கும், பெரியபாளையத்துக்கும் விரைகின்றனர். அவர்களுள் பலர் இரும்பு உருக்கும் ஆலைகளில், 1,500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலையின் அருகே இரவெல்லாம் நின்றவர்கள். சட்டை வியர்வையில் தோய்ந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. அதே சட்டையோடுதான், மேலே வேறொன்றும் அணியாமல், பனிக்காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு இருபது முப்பது கிலோமீட்டர் செல்கின்றனர். பின்பு, "சாமி, பொங்கல் வந்தாலும் இந்த இருமல் போக மாட்டேன் என்கிறது" என்று நம்மிடம் வந்து சொல்கின்றனர். இருமலுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அதை மருத்துவர் சொல்லட்டும். நாம் சொல்ல வந்தது அந்தச் சட்டையைப் பற்றி.

"நம் ஊரிலும் ஒரு குளிரா?" என நகைப்போர் உண்டு. தை மாதத்து இரவிலும் சென்னைப் பக்கம் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரிக்கு வந்து நின்றுவிடுகிறது என்பது மெய்யே. காஷ்மீரத்தார் அதைக் கோடை என்பர். ஆனால் வீட்டுத் திண்ணையில் தொங்கும் வெப்பமானி மோட்டார் சைக்கிளில் ஏறிச் செல்வதில்லை அன்றோ! மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், காற்றே இல்லாத நாளிலும் ஐம்பது கிலோமீட்டர் காற்றைத் தானே உண்டாக்கிக் கொள்கிறான். நம் தோலின்மேல் உடற்சூட்டினால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப்படலம் ஒன்று எப்போதும் படிந்திருக்கிறது. வேகக் காற்று அதை ஓயாமல் துடைத்துச் செல்கிறது. இவ்வாறு காற்று உடற்சூட்டைக் கவர்ந்து செல்வதைத் தென் துருவப் பனிநிலத்தில் அளந்து, 1945-இல் அதற்கு ஒரு கணக்கு வகுத்தனர் சைப்பிள், பாசல் என்னும் இரு அமெரிக்கர்.

காற்றோடு ஈரமும் சேர்ந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி நம் உடலிலிருந்துதான் செல்கிறது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே விதி, நனைந்த சட்டைக்குள் இருக்கும் மனிதனையும் குளிர்விக்கிறது. ஆகவே நம் வட்டாரத்தில் குளிர் என்பது பெரும்பாலும் ஈரமே. மலைநாட்டார் கம்பளியைத் தேடட்டும். நாம் முதலில் தேட வேண்டியது உலர்ந்த துணி.

உலையருகே பணிபுரியும் சகோதரர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டும் ஓர் உலர்ந்த பனியனும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடலைத் துடைத்து, ஈரச் சட்டையைக் களைந்து, உலர்ந்ததை அணிந்த பின்னரே வண்டியில் ஏறுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைப் பெரும்பாலோர் தமக்குத் தருவதில்லை. பால் வாங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற அவசரம் நமக்கும் தெரியும். எனினும் அந்தப் பனியனை மடித்துப் பையில் வைக்கும் பொறுப்பை இல்லத்தரசியாரோ, வளர்ந்த பிள்ளைகளோ ஏற்றுக்கொண்டால் காரியம் எளிதாகிவிடும். சட்டைக்குள் மார்பின்மேல் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்வதும் நல்ல தடுப்பு. பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் மலையிலிருந்து இறங்கும் வீரர்கள் இந்த உபாயத்தை நெடுங்காலம் கையாண்டிருக்கின்றனர். முதல் நாள் நாளிதழுக்கு இதைவிட நல்ல பயன் உண்டோ!

இனி மழை. ஐப்பசி தொடங்கி மார்கழி முன்பகுதி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே நமக்கு ஆண்டு மழையில் பாதிக்குமேல் தருகிறது. அந்நாட்களில் நம் பங்கு மக்கள் மழைக்கோட்டு அணியும் விதத்தைக் காண்கையில் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. பல ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டித் தவணையில் வண்டி வாங்கிய குடும்பத்தில், சில நூறு ரூபாய் மழைக்கோட்டு ஒன்றே ஒன்று. அதைத் தந்தை அணிகிறார். பின்னால் அமரும் தாய் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொள்கிறாள். நடுவில் இருக்கும் குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் பை! எடை குறைந்த சிறு உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவில் குளிர்ந்துவிடும். முதல் மழைக்கோட்டு குழந்தைக்கே என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்கையில் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகலாகாது என 2022-இல் மத்திய அரசு விதி வெளியிட்டிருக்கிறது. மழையில் அந்த வேகமும் அதிகமே.

சிலர் பின்னால் இருப்பவரைக் குடை பிடிக்கச் சொல்கின்றனர். குடை ஒரு பாய்மரம். லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால், அது எழுப்பும் காற்றில் குடையும் வண்டியும் எப்பக்கம் போகும் என்பதை யார் அறிவார்? வேறு சிலர் தளர்ந்த மேலங்கியைப் போர்வைபோல் போர்த்துச் செல்கின்றனர். அதன் நுனி சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கும். வயலில் நம் உழவர்கள் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டு நாற்று நட்டனர். நடந்து செல்பவனுக்கு அது போதும். வண்டியில் செல்பவனுக்கு மேற்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியே அமைந்த மழைக்கோட்டே ஏற்றது.

1823-இல் கிளாஸ்கோ நகரத்து மெக்கின்டாஷ் இரு துணிகளுக்கு இடையே கரைத்த ரப்பரைப் பூசி மழைத்துணி செய்த நாள் முதல் ஒரு குறை தொடர்ந்து வருகிறது. மழையை வெளியே நிறுத்தும் துணி, வியர்வையையும் உள்ளே நிறுத்திவிடுகிறது. ஆகவே இறுக்கமானதை வாங்காமல் ஓர் அளவு பெரியதாக வாங்குக. தையல் வழியேதான் நீர் முதலில் கசியும். அங்கே மெழுகுத் துண்டைத் தேய்த்தால் சில நாள் தாங்கும். கால்சட்டையின் நுனி காலணிக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் காலணி குடமாகிவிடும். கையுறையின் மேல் மழைக்கோட்டின் கை வரவேண்டும், ஏனெனில் நீர் தோளிலிருந்து விரல்களை நோக்கி வழிகிறது.

விரல்களைப் பற்றி நாம் அனுபவத்தில் அறிந்ததைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில், துணைக் கிராமத்தில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றோம். கையுறை இல்லை; மழைக்கோட்டு இருந்தது, அதுவும் பெட்டியில் இருந்தது. தூறல்தானே என்ற எண்ணம். பத்துக் கிலோமீட்டர் கடந்ததும், ஏரிக்கரைத் திருப்பத்தில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்து என்று மனம் சொல்லியது. மரத்த விரல்கள் கேட்கவில்லை. பிடி இறுகுவதற்குள் கரைச்சேற்றில் கிடந்தோம். காயம் சிறிது. மாடு ஒன்றும் நடவாததுபோல் நின்றது. மூதாட்டியின் வீட்டார் எமக்கே முதலில் வெந்நீர் வைக்க வேண்டியதாயிற்று! இந்த வட்டாரத்துக் குளிர் ஒருவனை உறைய வைத்துக் கொல்வது அரிது. ஆனால் விரல்களைத் தாமதிக்கச் செய்யும். நெடுஞ்சாலையில் ஒரு நொடித் தாமதத்தில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். விரல்கள் மரக்கத் தொடங்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கைகளைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு புறப்படுங்கள். தேநீர்க் கடையின் கண்ணாடிக் குவளையும் அதே வேலையைச் செய்யும். சூட்டுக்காக மது அருந்துவது பெரும் பிழை. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும்.

தலைக்கவசத்தின் கண்ணாடியில் மூச்சு படிந்து மங்குகிறது என்று அதைக் கழற்றிவிடுவோர் உண்டு. பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் ஒரு துளியை உட்புறம் தடவி, மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் மங்கல் குறையும். போகிப் புகையும் பனியும் கலந்த காலையில் மட்டும் எந்த உபாயமும் பலிக்காது. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் விமானங்களே தடுமாறின. அன்று சற்றுப் பொறுத்துக் கிளம்புவதே அறிவு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் மாவட்டச் சாலைகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளில் மழைக்கோட்டு பேச்சுக்கே வராது. வண்டி வீட்டில் நிற்கட்டும். மற்றப் பெருமழை நாட்களில், கும்மிடிப்பூண்டி வரை புறநகர் ரயில் இருப்பதை நினைவிற் கொள்க. ஈரமான பிரேக் சரியாகப் பிடிக்காது. நீர் தேங்கிய இடத்தைக் கடந்ததும் மெதுவாகச் சென்று, இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்தி உலர்த்துங்கள்.

வீடு வந்ததும் மழைக்கோட்டை ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் திணித்தால் பூஞ்சணம் பூத்து, உட்பூச்சு உரிந்து, அடுத்த ஆண்டு அது சல்லடையாகிவிடும். நிழலில் கொடியில் போடுங்கள். கிறிஸ்மஸ் இரவுத் திருப்பலிக்கு வண்டியில் வருவோரின் வசதிக்காக ஆலயத் தாழ்வாரத்தில் நீளக் கொடி கட்டச் சொல்லியிருக்கிறோம். மழைக்கோட்டை அதில் தொங்கவிட்டு உள்ளே வாருங்கள். திரும்பிப் போகையில் பிள்ளைகளுக்குப் போட உலர்ந்த ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.