டிராக்டருக்கும் உண்டு பிளக் அண்ட் பிளே!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் குழப்பம், எந்த கேபிளை எங்கே செருகுவது என்பதுதான். பழைய கம்ப்யூட்டர்களில் கீபோர்டுக்கும் மவுசுக்கும் தனித்தனியே பிஎஸ்/2 போர்ட் இருந்தது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வட்டமாக, 6 பின்களுடன் இருக்கும். மாற்றிச் செருகினால் இரண்டும் வேலை செய்யாது. அதனால்தான் கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை என்று வண்ணம் அடித்தார்கள். பிறகு யுஎஸ்பி வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

இதே கதை டிராக்டரின் பின்பக்கமும் நடக்கிறது. கம்ப்யூட்டர் பத்திரிகையில் டிராக்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். டிராக்டருடன் டிரெய்லரை இணைக்கும் ஏழு பின் சாக்கெட், கம்ப்யூட்டரின் போர்ட் போலவே ஒரு போர்ட்தான். அதைச் சரியாக மாட்டத் தெரிந்தவருக்கு யுஎஸ்பி ஹப் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம்.

எங்கள் ஊர் சாமளாபுரம். விசைத்தறிகள் நிறைந்த பகுதி. இரவு ஷிப்ட் முடித்து மங்கலம் சாலையிலும் சோமனூர் சாலையிலும் டூ வீலரில் வருபவர்கள் ஏராளம். அதே சாலையில்தான் தண்ணீர் டேங்கர் இழுக்கும் டிராக்டர்களும் போகின்றன. டிராக்டரின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தாலும், அவற்றைப் பின்னால் இருக்கும் டேங்கர் மறைத்துவிடும். டேங்கரின் பின்னே விளக்கு இல்லையென்றால், டிரைவர் பிரேக் மிதித்தது பின்னால் வரும் பைக்காரருக்கு எப்படித் தெரியும்? இரவில் பின்விளக்கு எரிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. விதி இருக்கட்டும். தறிக்குப் போய்த் திரும்பும் ஆள் வீடு வந்து சேர வேண்டுமே.

பேய் பிடித்த விளக்குகள்

என் மாமாவின் டேங்கருக்கு விளக்குகள் இருந்தன. ஆனால் பிரேக் மிதித்தால் டெயில் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் எல்லாமே மினுக்கும். "மாப்ளே, நீ கம்ப்யூட்டரெல்லாம் படிச்சவன், இது என்னன்னு பாரு" என்றார். நான் எழுதுவது சாப்ட்வேர், ஒயர் அல்ல. ஆனால் பிழையைத் தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முன்பு யாரோ டிராக்டரின் பின்விளக்கு ஒயர்களைச் சீவி, டிரெய்லர் ஒயர்களை அதிலேயே முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். எர்த்துக்குத் தனி ஒயர் கிடையாது. கொக்கியும் டிரெய்லரின் இரும்பும் தொட்டுக் கொண்டிருப்பதே போதும் என்று விட்டிருந்தார்கள். கொக்கியில் கிரீஸ், துரு, பெயிண்ட் எல்லாம் உண்டு. டிராக்டர் குலுங்கும்போது தொடர்பு வரும், போகும்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பினால் மீண்டும் பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் வழியான எர்த் அறுந்துவிட்டால் அது வேறு வழி தேடும். பிரேக்குக்கும் டெயிலுக்கும் ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழை. பிரேக் இழைக்குள் புகுந்த மின்சாரம், எர்த் கிடைக்காமல் டெயில் இழை வழியாகத் தலைகீழாக ஓடி, டிராக்டரின் டெயில் விளக்குகள் வழியே எர்த்தை அடைந்தது. நடுவில் இத்தனை பல்புகளைக் கடந்தால் எல்லாம் மங்கலாகத்தானே எரியும்? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. டிரெய்லர் விளக்கில் விசித்திரமாக எது நடந்தாலும், முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒரு டிப்ஸ். துருப்பிடித்த இணைப்பிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் பல்பை மாட்டினால் எரியாது. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு என்பதே காரணம். இந்த வேலைக்கு ஒரு பல்பும் இரண்டு ஒயரும் கொண்ட டெஸ்ட் லேம்ப்தான் உண்மையைச் சொல்லும்.

அடாப்டர் எதற்கு?

எர்த்தைச் சரி செய்தால் போதாதா? போதாது. ஒரு சிறு கணக்கு. பிரேக் பல்பு ஒன்றுக்கு 21 வாட். டிராக்டரில் இரண்டு சேர்த்தால் 42 வாட், 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். டிரெய்லரிலும் இரண்டைச் சேர்த்தால் 7 ஆம்பியர். இவ்வளவும் பிரேக் பெடலுக்கு அருகிலுள்ள சின்ன சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். அது இரண்டு பல்புகளுக்காக வைத்தது. இண்டிகேட்டரின் பிளாஷரும் அப்படித்தான். பல்புகளின் எண்ணிக்கை மாறினால் மின்னும் வேகமும் மாறிவிடும்.

யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஓடாது. எனவே தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குகிறோம். தகவல் கம்ப்யூட்டரிலிருந்து வரும், பவர் சுவரிலிருந்து வரும். டிரெய்லருக்கும் இதே வழிதான். "பிரேக் போட்டாச்சு" என்ற தகவலை மட்டும் டிராக்டர் விளக்கின் ஒயரிலிருந்து எடுக்க வேண்டும். பல்பை எரிக்கும் பவரை பியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேராக எடுக்க வேண்டும். நடுவில் நின்று இதைச் செய்வது ரிலே.

ரிலேயைத் திருப்பிப் பார்த்தால் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். ஜெர்மனியின் டிஐஎன் 72552 தரத்தில் வந்த எண்கள் இவை. 86இல் டிராக்டரின் விளக்கு ஒயர், 85இல் எர்த், 30இல் பியூஸ் கடந்து வரும் பேட்டரி ஒயர், 87இல் டிரெய்லருக்குப் போகும் ஒயர். இடது, வலது, பிரேக், டெயில் என நான்கு ரிலேக்கள் போதும். உள்ளே டையோடு உள்ள ரிலே என்றால் 85, 86ஐ மாற்றிவிடக் கூடாது.

ஆன்லைனில் டிரெய்லர் அடாப்டர் என்று தேடினால் பெரும்பாலும் வருவது அமெரிக்க கன்வர்ட்டர். அங்கே பல டிரெய்லர்களில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்புதான். தனித்தனியாக வரும் இரண்டு சிக்னல்களை ஒன்றாக்குவதே அந்தப் பெட்டியின் வேலை. இண்டிகேட்டர் போட்டிருந்தால் மின்னு, இல்லாவிட்டால் பிரேக்கைப் பார் என்று புரோகிராமில் நாம் எழுதும் "இஃப்... எல்ஸ்" கட்டளைதான் அது. நம் டிரெய்லர்களில் இண்டிகேட்டர் தனியாக இருப்பதால் அது நமக்குத் தேவையில்லை. விலையைப் பார்த்து மயங்கி வாங்கிவிடாதீர்கள்.

மாட்டுவது எப்படி?

முதலில் டெஸ்ட் லேம்பை வைத்து டிராக்டரின் பின்விளக்கில் எது பிரேக், எது டெயில், எது இடது, எது வலது என்று பார்த்து, ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டிக் கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விடுங்கள். கேபினட்டைத் திறக்கும் முன் பவர் கார்டைப் பிடுங்குவது போலத்தான் இதுவும்.

ரிலேக்களை மூடியுள்ள பெட்டியில் வைத்து, சேறும் சூடும் படாத இடத்தில் பொருத்துங்கள். பியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பியூஸ் பாதுகாப்பது ஒயரை, பல்பை அல்ல. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தாலும் 100 வாட்டுக்குள், அதாவது எட்டரை ஆம்பியருக்குள் அடங்கும். நான் 15 ஆம்பியர் நீல பியூஸ் போட்டேன். பவருக்கும் எர்த்துக்கும் இரண்டரை ஸ்கொயர் எம்எம் ஒயர், மற்றவற்றுக்கு ஒன்றரை. எர்த் ஒயரை பேட்டரி நெகட்டிவிலிருந்தே சாக்கெட் வரை தனியாக இழுத்தேன்.

ஒயர்களை பிளெக்ஸிபிள் குழாய்க்குள் விட்டு, சைலென்ஸரும் பிடிஓ ஷாஃப்டும் ஏறி இறங்கும் ஹைட்ராலிக் கைகளும் தொடாத வழியில் கொண்டு செல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது டிராக்டரின் குலுக்கலுக்குத் தாங்காது. லக் வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

சாக்கெட்டில் பின் வரிசை ஐஎஸ்ஓ 1724 தரத்தின்படி இப்படி வரும்: 1 மஞ்சள், இடது இண்டிகேட்டர். 2 நீலம், பின்பக்க ஃபாக் விளக்குக்கு, நமக்குத் தேவையில்லை. 3 வெள்ளை, எர்த். 4 பச்சை, வலது இண்டிகேட்டர். 5 பழுப்பு, வலது டெயில். 6 சிவப்பு, பிரேக். 7 கருப்பு, இடது டெயில். லாரிகளில் உள்ள 24 வோல்ட் சாக்கெட்டும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தான். ஆனால் ஐஎஸ்ஓ 1185இன்படி அதில் 1ஆம் பின்தான் எர்த். பழைய கீபோர்டு, மவுஸ் கதை நினைவுக்கு வருகிறதா? ஒரு எச்சரிக்கை: பட்டறையில் கட்டிய டிரெய்லரில் கையில் கிடைத்த நிற ஒயரைப் போட்டிருப்பார்கள். நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

கடைசியாக டிரெய்லரை மாட்டி, வண்டியை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபடவும் கூடாது, தரையில் உரசவும் கூடாது.

இத்தனையும் பழைய, எளிய டிராக்டருக்கு. இன்றைய கார்களிலும் பிக்கப்களிலும் விளக்குகளைக் கட்டுப்படுத்துவதே ஒரு கம்ப்யூட்டர். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்ற நெட்வொர்க்கில் அவை பேசிக் கொள்கின்றன. அந்த ஒயரில் ஒரு ரிலேயைச் செருகினாலும் பல்பு கோளாறு என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரலாம், கண்ட்ரோல் யூனிட்டே பழுதாகவும் கூடும். அவற்றுக்கு அந்த மாடலுக்கென்றே வரும் மாட்யூலை வாங்கி, கம்பெனி சர்வீஸில் மாட்டுவதுதான் சரி.

உங்கள் புதிய கம்ப்யூட்டருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்து நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: பின் எண், ஒயரின் நிறம், எந்த விளக்கு, எந்த ரிலே. செல்களுக்கு அந்தந்த நிறத்தையே நிரப்பி, பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து டூல் பாக்ஸ் மூடியின் உள்ளே ஒட்டுங்கள். அடுத்த முறை ஏதாவது விளக்கு எரியாதபோது, எந்த எலக்ட்ரீசியன் வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.