கேளாமல் வரும் குறியெண்

தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடத்த காலம் ஒன்று இருந்தது. பம்பாயிலோ கல்கத்தாவிலோ உத்தியோகம் பார்த்த தமிழர் வீட்டு வாசலில் தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தினால், உறையைப் பிரிக்கும் முன்னரே வீட்டார் கலங்கி நிற்பர். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அவசரச் செய்தி கண்டு அறிவு தடுமாறும் இயல்பு நம்மை விட்டு அகலவில்லை. அந்த இயல்பையே முதலாகக் கொண்டு பிழைக்கும் ஒரு கூட்டம், இன்று கைபேசியின் வாயிலாக நமது வீட்டினுள் புகுந்துள்ளது.

'ஓ.டி.பி.' என்று நாம் அன்றாடம் வழங்கும் குறியெண் யாது? ஒரே ஒரு முறை, சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் கடவுச்சொல் அது. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவிகள் உண்டு அல்லவா? ஒன்று வங்கியிடம், மற்றொன்று நம்மிடம். இரண்டும் சேர்ந்தால்தான் அது திறக்கும். இணையவழிக் கணக்கும் ஏறக்குறைய அத்தகையதே. அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் முதற்சாவி. குறியெண் இரண்டாவது சாவி. இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்துவதற்கு இத்தகைய கூடுதல் சோதனையை ரிசர்வ் வங்கி 2009-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது.

நாம் எதையும் வாங்கவில்லை, எந்தக் கணக்கிலும் நுழையவில்லை. எனினும் குறியெண் வந்து நிற்கிறது. இதற்குப் பொருள் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். யாரோ ஒருவர் தமது எண்ணுக்குப் பதிலாக நமது எண்ணைத் தவறாக இட்டிருக்கலாம். அன்றி, நமது முதற்சாவியைக் கவர்ந்த ஒருவன் இரண்டாவது பூட்டின் முன் நிற்கலாம். அதுவும் அன்றேல், அடுத்த நிமிடம் வரப்போகும் தொலைபேசி அழைப்புக்கு இது முன்னோடியாக இருக்கலாம்.

மூன்றிலும் நாம் செய்ய வேண்டுவது ஒன்றே: குறியெண்ணை எவரிடமும் சொல்லலாகாது. பிறரிடம் சென்று சேராத குறியெண்ணால் தீங்கு இல்லை. எனினும் அத்துடன் நின்றுவிடுதல் போதாது. எந்தக் கணக்கின் பெயரால் அது வந்ததோ, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுக. வங்கியின் பெயரால் வந்திருப்பின், அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை நாமே அழைத்து விசாரித்தல் வேண்டும். செய்தியில் உள்ள எண்ணை அழைப்பது, திருடனிடமே வழி கேட்பதற்கு ஒப்பாகும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. நம்மில் பலர் எண்களை மட்டுமே பார்க்கிறோம். அவற்றைச் சுற்றியுள்ள வாசகத்தைப் படிப்பதில்லை. புனேயில் வேலை பார்க்கும் ஒருவர், தங்கையின் திருமணத்துக்கெனச் சேர்த்த பணத்தை வங்கியில் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். "அண்ணா, வணக்கம். உங்கள் கணக்கிலிருந்து 45,000 ரூபாய் போகவிருக்கிறது. அதை ரத்து செய்யவே குறியெண் அனுப்பியுள்ளோம், சொல்லுங்கள்" என்று ஒரு குரல் பேசுகிறது. செய்தியிலோ, அத்தொகையைச் செலுத்துவதற்கான குறியெண் என்றே எழுதியிருக்கும். வாசகத்தைப் படித்தவர் தப்புவார். படியாதவர் தங்கையின் நகையை இழப்பார்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனி இடர்கள் சில உண்டு. பகல் முழுதும் இந்தியோ மராத்தியோ கேட்டுச் சலித்த செவிக்கு, தமிழ்க் குரல் என்றதும் உள்ளம் நெகிழ்கிறது. மொழி உறவைக் காட்டும், நேர்மையைக் காட்டாது. மேலும், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய எண்ணைக் கைவிட்டு, வந்த இடத்தில் புதிய எண் வாங்குகிறோம். வங்கியில் மட்டும் மாற்ற மறந்துவிடுகிறோம். துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். நமது இரண்டாவது சாவி அப்போது முன்பின் அறியாதவர் கையில் விழும்.

இனி, ஐயத்துக்குரிய செய்திகளைப் பார்ப்போம். "இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்", "பார்சல் முகவரி தவறு", "கே.ஒய்.சி. புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்" என்பன அவற்றின் வழக்கமான முகங்கள். அச்சம், அவசரம், ஓர் இணைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்பட்டால் ஐயுறுக. வங்கிகளின் முறையான செய்திகள் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவதில்லை. எழுத்துகளாலான ஒரு பெயரில் வரும். 2025-ஆம் ஆண்டு முதல் அப்பெயரின் இறுதியில் ஓர் எழுத்தும் சேர்க்கப்பட்டுள்ளது: விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுச் செய்திக்கு 'ஜி'. இதுவும் ஓர் அடையாளமே அன்றி, முழு உத்தரவாதம் ஆகாது. யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை என்பதையும், ஒருவர் சொற்கேட்டு *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தினால் நமது அழைப்புகள் அவருக்குத் திரும்பிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

பணம் போய்விட்டால் யாது செய்வது? நாணி மறைத்தல் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் விலை உடையது. களவுபோன தொகை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து ஓடும். ஓடி மறையும் முன் நிறுத்திவைக்கவே 1930 என்ற எண் உள்ளது. எந்த மாநிலத்திலிருந்தும் அதனை அழைக்கலாம். உடனே வங்கிக்கும் அறிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்க. ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, வங்கியிடமும் நம்மிடமும் தவறு இல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் நமக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. குறியெண்ணை நாமே சொல்லியிருந்தால், அறிவிக்கும் வரையிலான இழப்பு நம்மைச் சாரும். அதன் பின் நிகழ்வது வங்கியைச் சாரும். ஆகவே, தவறு செய்தவரும் விரைந்து அறிவித்தலே அறிவுடைமை.

"கணக்கு திருநெல்வேலியில், நானோ புனேயில், எந்தக் காவல் நிலையம் செல்வது?" என்று மயங்க வேண்டா. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். பணம் போகாமல் செய்தி மட்டும் வந்திருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்திலுள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். அது அடுத்தவரைக் காக்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஊரிலே தனித்திருக்கும் பெற்றோருக்கு இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது, நலம் விசாரித்த பின் இதையும் சொல்லுங்கள்: "அம்மா, உன் கைபேசிக்கு வரும் எண்ணை நானே கேட்டாலும் உடனே சொல்லாதே, வைத்துவிட்டு என் எண்ணுக்கு நீ அழைத்துப் பேசு." மகனின் குரலையும் போலியாக உருவாக்கக்கூடிய காலம் இது. அன்பு குறைந்து இதைச் சொல்கிறோம் என்று எந்தத் தாயும் எண்ணமாட்டார்.